ஒரே ஒரு தாவு!

பி.காம். படித்தவனுக்கு மூளை விவகாரம் எதற்கு என்கிறீர்களா? மூளையும் ஒரு பேரேடுதான் ஸார். எந்த நரம்பு செல்லுக்கு எங்கிருந்து வரவு என்பதுதான் கேள்வி. சுண்டெலி மூளையிலேயே சுமார் ஏழு கோடி நரம்பு செல்கள். ஒரு வவுச்சர் கிடையாது. ஆடிட்டர் அழுதுவிடுவார்.

1970-களில் முள்ளங்கிக்கு உறவுக்காரக் கிழங்கு ஒன்றின் என்ஸைமை மிருகங்களின் நரம்பு முனையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். நரம்பு அதை உறிஞ்சி, பின்னோக்கித் தாய் செல்லுக்குக் கொண்டுபோகும். ரசாயனம் சேர்த்தால் பழுப்பாகத் தெரியும். ஆனால், அந்தத் தாய் செல்லுக்கு யார் சேதி அனுப்புகிறார்கள் என்று கேட்டால் முள்ளங்கி கைவிரித்துவிடும்.

தாண்டத் தெரிந்த ஆசாமி ஒருத்தன் உண்டு. ரேபிஸ் வைரஸ்! நாய் கடித்த இடத்தில் நரம்புக்குள் நுழைந்து, சேதி வரும் திசைக்கு எதிர்த்திசையில், செல் விட்டு செல் தாவி மூளைக்கு நடையைக் கட்டுவான். சிக்கல் என்னவென்றால், நிற்கமாட்டான். பத்து வீடு தாண்டிய பிறகு யார் நேர் சொந்தம், யார் ஒன்றுவிட்ட சொந்தம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

2007-ல் அமெரிக்காவின் ஸால்க் இன்ஸ்டிட்யூட்டில் விக்கர்ஷாம், காலவே குழுவினர் ஒரு குறும்பு செய்தார்கள். வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான ஜீனை உருவிவிட்டு, அங்கே ஜெல்லி மீனின் பச்சை ஒளிப் புரத ஜீனைச் செருகினார்கள். மேலுறை இல்லாமல் அவனால் தாவ முடியாது. ஆராய வேண்டிய செல்லில் மட்டும் ஒரு பறவை வைரஸுக்கான பூட்டை வைத்து, அதன் சாவியை இவன் கையில் கொடுத்தார்கள். உள்ளே மேலுறையும் தயார். பையன் நுழைந்தான், சட்டை மாட்டினான், ஒரே ஒரு தாவு. அடுத்த வீட்டில் சட்டை ஸ்டாக் இல்லை. பச்சையாக ஒளிர்ந்தபடி மாட்டிக்கொண்டான். அவன் நிற்கிற வீடுதான் நேரடியாகச் சேதி அனுப்பிய வீடு!

அன்றிலிருந்து எத்தனையோ எலிகளின் மூளைக் கணக்கு இப்படித்தான் எழுதப்படுகிறது. எலிக்கு இதில் லாபம் ஏதுமில்லை. கடைசியில் அதன் மூளையைச் சீவித்தான் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள்.

நமக்கு ஒரு லாபம் உண்டு. நிஜ ரேபிஸுக்குச் சட்டை தீராது. மூளையைத் தொட்டு நோய் தெரிந்துவிட்டால் அநேகமாக மரணம்தான். ஆனால் அங்கே போய்ச் சேர, பெரும்பாலும் அவனுக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட ஆகும். அதுதான் நமக்குக் கிடைத்த தவணை. நாய் கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மந்திரிக்கப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் சொல்லும் ஊசி அத்தனையும் போட்டுக்கொள்ளுங்கள்.

வைரஸ் நடந்துதான் போகிறது. நீங்கள் ஆட்டோவில் போகலாம்.