ஏலத்தில் லக்ஸுரி ஃப்ளாட்: சாவி யாரிடம் இருக்கிறது?

நுங்கம்பாக்கத்தில் நீச்சல்குளம், ஜிம்மோடு மூன்று பெட்ரூம் ஃப்ளாட், அதுவும் சந்தை விலையைவிடக் குறைவாக! வங்கி ஏல விளம்பரத்தில் இப்படிப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால், விலைக்கு முன்பு பார்க்க வேண்டியது, வீடு இப்போது யார் கையில் என்பதை.

கடன் கட்டாதவரின் வீட்டை, 2002-ம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி ஏலம் விடுகிறது. விளம்பரத்தில் ‘பிசிக்கல் பொசஷன்’ என்றிருந்தால், சாவி வங்கியிடம் இருக்கிறது. ‘சிம்பாலிக் பொசஷன்’ என்றால், வங்கி காகிதத்தில் மட்டுமே எடுத்திருக்கிறது. கடன் வாங்கியவரின் குடும்பம் உள்ளேயே குடியிருக்கலாம். அவர்கள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போனால், சாவி வர மாதங்கள், ஏன் வருடங்கள்கூட ஆகலாம்.

பணம் கட்டுவதற்கோ அவ்வளவு அவகாசம் கிடையாது. முன்வைப்புத் தொகை பொதுவாக 10%. ஏலம் எடுத்தால் அன்றோ, அடுத்த வேலை நாளிலோ அதையும் சேர்த்து 25% கட்ட வேண்டும். விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளில் மீதி. வங்கி அவகாசம் கொடுத்தாலும் மூன்று மாதத்தைத் தாண்டாது. தவறினால் கட்டிய பணம் போய்விடும். எனவே, வீட்டுக் கடன் கிடைக்குமா என்பதை முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

‘உள்ளது உள்ளபடி’ என்ற வார்த்தையையும் கவனியுங்கள். பராமரிப்பு, சொத்து வரி, மின்கட்டண பாக்கிகள் உங்கள் தலையில் விழலாம். அசோசியேஷனில் பாக்கி விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். வில்லங்கச் சான்றிதழை வக்கீலிடம் காட்டுங்கள்.

சாவி வராத வீட்டுக்கு இ.எம்.ஐ, குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை என இரண்டையும் எத்தனை மாதம் தாங்க முடியும்? அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு ஏலத்துக்குப் போங்கள்.