நடுநிலை என்றொரு தொழில்

எம்மவர் மத்தியில் ஒருவரைப் பாராட்டுவதற்கென்று சில ஆயத்தச் சொற்கள் உண்டு. வைத்தியரென்றால் கைராசிக்காரர். ஆசிரியரென்றால் பல நூறு மாணாக்கரை உருவாக்கியவர். தொழிற்சட்டத்தில் பெயரெடுத்த சட்டத்தரணி என்றால், தொழிலாளிக்காகவும் வாதாடியவர், முதலாளிக்காகவும் வாதாடியவர். விழா மலர்களிலும் வானொலிச் செவ்விகளிலும் இது ஒரு நற்சான்றிதழாகவே வாசிக்கப்படுகிறது. இரண்டு பக்கத்தையும் கண்டவர், ஆகவே பக்கஞ்சாராதவர். பக்கஞ்சாராதவர், ஆகவே நியாயமானவர் என்பது இதன் உள்ளர்த்தம். இந்தச் சான்றிதழைத்தான் நான் கேள்விக்குட்படுத்த விரும்புகிறேன். ஓக்லண்டை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில், இந்த வகைச் சட்டத்தரணி எப்போது, எதனால் பெருகினார் என்பதை நாள் குறித்துச் சொல்லக்கூடிய நாடு நியூசிலாந்து.

முதலில் அவர் தரப்பு நியாயத்தைச் சொல்லிவிடுவோம். முதலாளிக்கும் சட்ட ஆலோசனை பெற உரிமை உண்டு. சாண்ட்றிங்ஹாம் றோட்டில் சிறு கடை வைத்து, விடியப்புறம் கதவைத் திறந்து இரவு பூட்டும்வரை தானே நின்று மாரடிக்கிற ஒருவர், இருக்கிற ஒரேயொரு வேலையாளோடு பிணக்குப்பட்டு வந்தால், அவரை 'மூலதனத்தின் பிரதிநிதி' என்று ஏசி அனுப்புவது சிறுபிள்ளைத்தனம். முதலாளிமாரின் கோப்புகளைப் புரட்டிப் பழகியவருக்கு ஒரு வேலைநீக்கக் கடிதத்தில் ஓட்டை எங்கே இருக்கும் என்பது தெரியும். அந்த அறிவு நாளைக்குத் தொழிலாளிக்கும் உதவும். இவற்றுக்கு மேலாக ஒரு விதியும் உண்டு. இந்நாட்டின் 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தரணிகள் நடத்தை விதிகளின்படி, தக்க காரணமின்றி ஒரு கட்சிக்காரரை மறுத்து அனுப்பக்கூடாது. தரிப்பிடத்தில் முதலாவதாக நிற்கும் ரக்சி, முதலில் வருபவரை ஏற்றியே ஆகவேண்டும் என்பது போன்ற ஏற்பாடு இது.

நல்லது. ஆனால் அதே விதி, எவையெல்லாம் தக்க காரணம் என்றும் சொல்கிறது. வழமையான கட்டணத்தைக் கொடுக்க விரும்பாமை அல்லது இயலாமை அவற்றுள் ஒன்று. ஆக, இந்த ரக்சிக்கு மீற்றர் உண்டு. மீற்றருக்குக் காசில்லாதவர் தரிப்பிடத்தில் முதலாவதாக நின்றாலென்ன, மூன்றாவதாக நின்றாலென்ன?

கணக்கைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை வேலை பறிபோனவனுக்கு அடுத்த கிழமை சம்பளம் இல்லை. அந்த நேரத்தில்தான் அவன் சட்டத்தரணியைத் தேடவேண்டும். முதலாளி தன் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் கட்டணத்தை வியாபாரச் செலவாக வரியில் கழித்துக்கொள்ளலாம். சம்பளக்காரனுக்கு அந்தச் சலுகை இல்லை. தொழில் உறவுகள் அதிகாரசபையில் வென்றவருக்குத் தோற்றவர் கொடுக்கவேண்டிய செலவுத்தொகைக்கு ஒரு நாள்வீத அளவுகோல் இருக்கிறது: விசாரணையின் முதல் நாளுக்கு 4,500 டொலர், அடுத்து வரும் ஒவ்வொரு நாளுக்கும் 3,500 டொலர். சட்டத்தரணியின் பில் இந்த அளவுகோலைத் தாண்டினால், வென்ற தொழிலாளி மிச்சத்தைத் தன் நட்டஈட்டிலிருந்தே எடுத்துக் கொடுக்கவேண்டும். தோற்றாலோ, எதிர்த்தரப்பின் செலவில் ஒரு பங்கும் அவன் தலையில். இதே சட்டம் இரு தரப்புக்கும் ஒன்றுதான் என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். ஆற்றுக்குக் குறுக்கே பாலம் இல்லை என்பதும் நீந்தத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒன்றுதான்.

மார்க் கலன்ரர் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் 1974 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், நீதிமன்றத்துக்கு வருபவர்களை இரண்டாகப் பிரித்தார்: வாழ்க்கையில் ஒரு தடவை வருபவர்கள், திரும்பத் திரும்ப வருபவர்கள். தொழில் வழக்கில் தொழிலாளி முதலாவது வகை, கொம்பனி இரண்டாவது வகை. இருதரப்புச் சட்டத்தரணியின் கோப்பு அலுமாரியில் இரண்டு பெயர்களும் இருக்கலாம். ஆனால் அடுத்த வருடமும் ஒப்பந்தம் எழுத, ஆட்குறைப்புக்கு ஆலோசனை கேட்க, ஒழுக்காற்று விசாரணை நடத்த வரப்போவது யார்? அந்தச் சட்டத்தரணி எவ்வளவு நேர்மையானவராகவும் இருக்கட்டும். அவருடைய அலுவலக வாடகை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை அவருடைய நேர்மை மாற்றிவிடாது.

இவர் எங்கிருந்து வந்தார்? 1894 இல் வில்லியம் பெம்பர் றீவ்ஸ் என்ற அமைச்சர் கொண்டுவந்த சட்டத்தின் மூலம், தொழிற்பிணக்குகளுக்குக் கட்டாய நடுத்தீர்ப்பை உலகிலேயே முதன்முதலாக நாடு தழுவி ஏற்படுத்தியது நியூசிலாந்து. அந்தச் சட்டத்தில் சுவையான ஏற்பாடு ஒன்று இருந்தது. எல்லாத் தரப்பும் சம்மதித்தாலொழியச் சட்டத்தரணிகள் அங்கே தோன்றி வாதாட முடியாது. தொழிற்சங்கத்தின் செயலாளரும் முதலாளிமார் சங்கத்தின் செயலாளரும் நேருக்கு நேர் பேசவேண்டும் என்பதே நோக்கம். அந்த ஏற்பாட்டிலும் ஆயிரம் குறைகள் இருந்தன. ஆனாலும், கூலிப் பிரச்சினை என்பது ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் இடையிலான விவகாரம் என்று அது புரிந்து வைத்திருந்தது.

1991 மே 15 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் ஒப்பந்தச் சட்டம் இந்தப் புரிதலைத் தலைகீழாக்கியது. கூட்டுச் சம்பளத் தீர்ப்பு முறை ஒழிந்தது. அந்தச் சட்டத்தில் 'தொழிற்சங்கம்' என்ற சொல்லே இல்லை, 'ஊழியர் அமைப்பு' என்றுதான் இருந்தது. தொழிலாளி தனக்காகப் பேரம்பேச எவரையும் முகவராக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். சங்கமும் ஒரு முகவர், சட்டத்தரணியும் ஒரு முகவர், மாமனாரும் ஒரு முகவர்! அதுவரை பிரதானமாகச் சங்க உறுப்பினர்களுக்கே இருந்த, நியாயமற்ற வேலைநீக்கத்துக்கு எதிரான தனிநபர் முறைப்பாட்டு உரிமை எல்லோருக்கும் விரிக்கப்பட்டது. இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கையால் தனிநபர் உரிமையைக் கொடுத்து, மறு கையால் அதைத் தாங்கிப்பிடிக்கும் சங்கத்தைப் பறித்தார்கள். அந்தத் தசாப்தத்தின் முடிவில் தொழிற்சங்க உறுப்பினர் தொகை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. சங்கச் செயலாளர் எழுந்துபோன கதிரையில் வந்து உட்கார்ந்தவர்தான், இரு தரப்புக்கும் வாதாடும் நமது சட்டத்தரணி.

2000 ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டம் கொஞ்சம் திருத்தியது. தொழிலுறவில் அதிகாரம் இயல்பிலேயே சமமற்றது என்பதை ஏற்று அதைச் சீர்செய்வது தன் நோக்கங்களுள் ஒன்று என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. சட்டமே ஒத்துக்கொண்ட இந்த ஏற்றத்தாழ்வை எங்கள் விழா மலர்கள் ஒத்துக்கொள்வதில்லை. அவற்றில் தராசின் இரண்டு தட்டுகளும் எப்போதும் சமமாகவே தொங்குகின்றன. வெளியில் தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு, வேலைக்குச் சேர்ந்த முதல் 90 நாட்களுக்குள் நிற்பாட்டப்பட்டவர் அந்த நீக்கத்தை எதிர்த்து முறையிட முடியாது என்ற பரீட்சார்த்தகால விதி ஒன்றே போதும். 2009 இல் சிறு நிறுவனங்களுக்கென்று வந்தது, 2011 இல் எல்லா நிறுவனங்களுக்கும் விரிந்தது, 2019 இல் மீண்டும் 20 பேருக்குக் குறைந்த இடங்களுக்கென்று சுருங்கியது, 2023 டிசம்பரில் மறுபடி எல்லோருக்குமாக விரிந்தது. அதே டிசம்பரில், துறை முழுவதற்கும் ஊதியம் பேச வழிவகுத்த 2022 ஆம் ஆண்டின் நியாய ஊதிய உடன்படிக்கைச் சட்டமும் இல்லாதொழிக்கப்பட்டது.

இப்போது, பலரும் பேசாமல் விடும் விடயத்துக்கு வருகிறேன். இங்கு பிணக்குகள் பெரும்பாலும் முதலில் மத்தியஸ்தத்துக்குப் போகின்றன. அரசு அதை இலவசமாகத் தருகிறது. அங்கே பேசப்படுவது இரகசியம். முடிவில் எழுதப்படும் இணக்கப் பத்திரத்திலும் வெளியே சொல்லக்கூடாது என்ற வாசகம் வழமையாக இடம்பெறுகிறது. ஒரே உணவகத்தில் மூன்று வெவ்வேறு வருடங்களில் மூன்று பேருக்கு விடுமுறைச் சம்பளம் மறுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவரும் தனித்தனியே ஒரு தொகையை வாங்கிக்கொண்டு கையொப்பமிட்டார்கள். முதலாமவருக்கு இரண்டாமவரைத் தெரியாது. நாலாவதாக வேலைக்குச் சேருகிறவருக்கு எதுவுமே தெரியாது. ஆனால் உணவக முதலாளிக்கு மூன்றும் தெரியும். அவருடைய சட்டத்தரணிக்கும் மூன்றும் தெரியும். அவர் வாய் திறக்கக்கூடாது. அது அவருடைய தொழில் தர்மம், அதற்காக அவரைக் குறைசொல்ல முடியாது. ஆகவேதான் சொல்கிறேன்: இருதரப்பு அனுபவம் என்று கொண்டாடப்படுவது தொழிலாளர் கூட்டத்துக்குப் போய்ச்சேராத அறிவு. சங்கச் செயலாளரிடம் சேருகின்ற அனுபவமோ அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாகிவிடும்.

"அப்படியானால் சட்டத்தரணி பட்டினி கிடப்பதா?" என்று கேட்பார்கள். எங்கள் தீவிலேயே பதில் இருக்கிறது. 1940 ஜனவரியில் மூலோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழுவின் முன் அவருடைய விதவைக்காகத் தோன்றியவர் கொல்வின் ஆர். டி சில்வா. அதே கொல்வின்தான் பின்னர் கிரிக்கெட் வீரர் சதாசிவத்தைக் கொலை வழக்கிலிருந்து விடுவித்த பெரிய அப்புக்காத்து. காசுள்ள கட்சிக்காரருக்காகவும் அவர் வாதாடினார். ஆனால் தோட்டத்தில் சூடு விழுந்தபோது அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். 1972 இல் எங்களால் மறக்கமுடியாத அந்த அரசியல் யாப்பை ஆக்கியவரும் அவரே. தோட்டக் கைத்தொழில் அமைச்சராக இருந்தவரும் அவரே. பக்கம் எடுத்தவர் அந்தப் பக்கத்திலேயே கடைசிவரை நிற்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆகவே நல்ல சட்டத்தரணியைத் தேடிக் கண்டுபிடிப்பது இதற்குத் தீர்வாகாது. 1957 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இலங்கையில் தொழில் நியாய மன்றங்கள் உருவானபோது, உறுப்பினருக்காகச் சங்கமே விண்ணப்பிக்கலாம் என்று எழுதி வைத்தார்கள். அந்த ஒரு வரியின் பெறுமதியை ஓக்லண்டில் இருந்து பார்க்கும்போதுதான் உணர முடிகிறது.

ஓக்லண்டின் அண்மைய வரலாறும் இதையே சொல்கிறது. 2005 நவம்பரில் கரங்கஹாப்பே றோட்டின் ஸ்ரார்பக்ஸ் கடையில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் யுனைற் சங்கத்தின் இளம் உறுப்பினர்கள். அடுத்த கிழமை எத்தனை மணித்தியாலம் வேலை என்ற நிச்சயமே இல்லாத 'பூச்சிய மணி' ஒப்பந்தங்களை 2015 இல் துரித உணவுக் கொம்பனிகள் கைவிடச் செய்ததும் அதே சங்கம். சட்டம் 2016 இல்தான் பின்தொடர்ந்து வந்தது. முதியோர் பராமரிப்பாளரான கிறிஸ்ரின் பாட்லெற், பெண்களின் வேலை என்பதற்காகவே சம்பளம் குறைக்கப்படுகிறது என்று சங்கத்தின் துணையோடு வழக்காடினார். 2017 இல் அரசு ஏறத்தாழ 200 கோடி டொலர் பெறுமதியான தீர்வுக்கு இணங்கியது. நாலு ஊபர் சாரதிகள் ஊழியர்களே என்று தொழில் நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்தது. 2025 நவம்பரில் நாட்டின் அதியுயர் நீதிமன்றமும் ஊபரின் மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இரண்டு வழக்குகளிலும் சங்கங்களுக்காக வாதாடியவர் பீற்றர் கிறானி. சங்கங்களின் சட்டத்தரணி என்று அறியப்பட்டவர். பக்கம் எடுத்ததால் அவருடைய சட்ட அறிவு குறைந்துவிடவில்லை. ஊபர் வழக்கு அதியுயர் நீதிமன்றத்தில் இருக்கும்போதே, ஒப்பந்தக்காரர் யார் என்பதற்குப் புதிய வரையறை தரும் சட்டமூலத்தை அரசு 2025 இல் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்ததையும் மறக்கவேண்டாம். நீதிமன்றத்தில் வென்றதைப் பாராளுமன்றத்தில் காப்பாற்றச் சங்கம் வேண்டும், சட்டத்தரணி போதாது.

எம்மவருக்கு இது ஏன் முக்கியம்? எங்களுள் முதலாளியும் தொழிலாளியும் ஒரே கோயிலில் கும்பிடுகிறார்கள். விசாவுக்குக் கடிதம் கொடுத்தவர் வேலை தந்தவராகவும் இருக்கிறார், சில வேளை வீட்டுச் சொந்தக்காரராகவும் இருக்கிறார். அவரைப் பற்றி முறையிட்டால் 'நன்றி கெட்டவன்' என்ற பட்டம் மத்தியஸ்தத்துக்கு முன்பே வந்துவிடும். சுரண்டப்பட்ட குடிவரவுத் தொழிலாளி வேறு இடத்துக்கு மாறுவதற்கென்று 2021 யூலையில் தனி விசாவே ஏற்படுத்தவேண்டி வந்த நாடு இது. இந்தச் சூழலில் 'இரண்டு பக்கமும் தெரிந்த எங்கட ஆள்' ஒருவரிடம் போ என்று அறிவுரை சொல்வது, பெரும்பாலும், சத்தமில்லாமல் முடித்துக்கொள் என்று சொல்வதுதான்.

ஆகவே வேலையாளாக இருக்கும் வாசகருக்குச் சில வார்த்தைகள். முறைப்பாட்டை எழுப்ப உங்களுக்கு உள்ள காலம் 90 நாட்கள். பாலியல் தொல்லை என்றால், 2023 முதல், 12 மாதங்கள். சட்டத்தரணியிடம் போனால், இந்த முதலாளிக்கோ அவருடைய உறவுக் கொம்பனிகளுக்கோ நீங்கள் எப்போதாவது வேலை செய்ததுண்டா என்று முதல் நாளே கேளுங்கள். நேர்மையானவர் கோபிக்கமாட்டார். இரகசிய வாசகத்தில் கையொப்பமிட முன்னர், உங்கள் மௌனத்தை விலைகொடுத்து வாங்குகிறார்கள் என்பதையும், அந்த மௌனத்துக்குள்தான் அடுத்தவர் வேலைக்குச் சேரப்போகிறார் என்பதையும் யோசியுங்கள். சங்கத்தில் சேருங்கள். அதற்கு வேலை பறிபோகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.