சைக்கிளுக்கு மோட்டாரா? முதலில் ஃபோர்க்கைப் பாருங்க!

காட்டுப்பாக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போக, சைக்கிளின் முன்சக்கரத்தில் ஹப் மோட்டார் மாட்டப் போகிறீர்களா?

சாதாரண சக்கரத்தில் ஆக்ஸிலுக்கு முறுக்கு கிடையாது. ஹப் மோட்டாரோ, சக்கரத்தை முன்னே சுழற்றும்போது ஆக்ஸிலை எதிர்ப்பக்கமாக முறுக்கும். ஆக்ஸில் உட்காரும் ஃபோர்க் நுனி தாங்காவிட்டால், ஓடும்போதே சக்கரம் கழன்று குப்புற விழவேண்டியதுதான்.

அலுமினிய நுனி திடீரென உடையும். ஸ்டீல் பெரும்பாலும் முதலில் வளைந்து காட்டிக்கொடுக்கும். எனவே, ஷாக் அப்சார்பர் இல்லாத, கனமான ஸ்டீல் ஃபோர்க்கே நல்லது. நுனியில் காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் ஸ்டீல். பல மோட்டார்களுக்கு இரு நுனிகளுக்கு இடையே 100 மி.மீ. இடைவெளி வேண்டும், அளந்து வாங்குங்கள்.

கூடவே, ‘டார்க் ஆர்ம்’ என்ற ஸ்டீல் பட்டையை ஆக்ஸிலில் மாட்டி, ஃபோர்க் காலோடு சேர்த்து இறுக்குங்கள். முதல் வாரம் தினமும் நட்டுகளை ஸ்பேனர் போட்டுச் சரிபாருங்கள்.