மீண்டவரின் முறைப்பாடு

நெடுங்காலம் உலகைச் சுற்றிவிட்டு வீடு திரும்புவோரிடையே ஒரு முறைப்பாடு இன்று வழக்காகிவிட்டது. பயணம் இனிதாயிருந்தது, திரும்பி வந்ததே துன்பமாயிற்று என்பது அதன் சாரம். ஓராண்டோ ஈராண்டோ பல நாடுகளைக் கண்டு மீண்டவருக்குப் பிறந்த ஊரின் தெரு ஒடுங்கித் தோன்றுகின்றது. உறவினரின் பேச்சுச் சலிப்பூட்டுகின்றது. காலையில் எழுந்து, பஸ்ஸுக்குக் காத்து நின்று, அலுவலகம் சென்று, மாலையில் மீளும் ஒழுங்கு சிறைவாசம் போலத் தென்படுகின்றது. தாம் கண்டவற்றைக் கேட்பதற்கு எவரும் சில நிமிடங்களுக்கு மேல் பொறுமை காட்டுவதில்லை என்ற மனத்தாங்கலும் உடன் சேர்ந்துகொள்கின்றது. ஈற்றில், 'நான் வளர்ந்துவிட்டேன், என் ஊர் நின்ற இடத்திலேயே நிற்கின்றது' என்று அவர் முடிவு கட்டுகின்றார். பயண நூல்களும் சஞ்சிகைகளும் இம்முடிவை ஐயுறாது ஏற்று அவருக்கு ஆறுதல் கூறுகின்றன. அம்முடிவு பிழையானது என்பதையும், அந்த ஆறுதல் தீங்கானது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் எல்லையை வகுத்துக்கொள்வது நன்று. 1983ஆம் ஆண்டின் பின்னர் உயிருக்கு அஞ்சி இந்நாட்டை விட்டு ஓடியோரின் மீள்வருகை இங்கு பேசுபொருளன்று. எரிந்த வீட்டுக்கும் பிறர் குடியேறிய காணிக்கும் திரும்புவோரின் துயரை எவரும் முறைப்பாடு எனக் கொச்சைப்படுத்தல் ஆகாது. தாமாக விரும்பிப் புறப்பட்டு, தாமாக விரும்பி மீண்டவரைப் பற்றியே இங்கு பேசுகின்றோம்.

அவர் படும் இன்னல் பொய்யென்று நாம் கூறவில்லை. சமூகவியலாளரும் உளவியலாளரும் அதனை நெடுநாட்களுக்கு முன்னரே ஆராய்ந்துள்ளனர். வியன்னாவிலே பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய அல்பிரட் ஷூட்ஸ் 1945இல் வெளியிட்ட கட்டுரையொன்று, போர்க்களத்தினின்று வீடு மீளும் படைவீரரை முன்னிறுத்தி இப்பிரச்சினையை அலசியது. சென்றவன் மாறிவிடுகின்றான், இருந்தவரும் மாறிவிடுகின்றனர், ஆயினும் இரு திறத்தாரும் பழைய உருவத்தையே எதிர்பார்த்து ஒருவரையொருவர் எதிர்கொள்கின்றனர் என்பது அவர் கண்ட உண்மை. நோர்வே நாட்டு ஆய்வாளர் லிஸ்கார்ட், அந்நிய நாடு சென்றோரின் மனநிலை தொடக்கத்தில் உயர்ந்து, இடையில் தாழ்ந்து, பின்னர் மீண்டும் உயர்கின்றது என 1955இல் விளக்கினார். வீடு திரும்பிய பின்னும் அதே இறக்கமும் ஏற்றமும் மறுமுறை நிகழ்கின்றன என்பதை 1963இல் குல்லாகோர்ன் தம்பதியர் காட்டினர். ஆகவே நோவு உண்மையானது. எமது கேள்வி அந்நோவின் காரணம் பற்றியதாகும்.

முறைப்பாட்டாளர் கூறும் காரணம் யாது? பரந்த உலகைக் கண்ட கண்களுக்குச் சிற்றூர் போதவில்லை என்பதாகும். இக்காரணம் சற்று ஆராய்ந்தாலே உதிர்ந்துவிடும். அவர் வியந்து போற்றும் இடங்களிற் பெரும்பாலானவை சிற்றூர்களே. அந்தீசு மலைச்சரிவிலுள்ள ஒரு கிராமத்தையும் நேபாளத்து மலைப்பாதையோரக் குடிசையையும் புகழ்ந்துரைப்பவர், பருத்தித்துறையின் ஒழுங்கையொன்றை ஒடுக்கமானது என இகழ்கின்றார். அங்கே மூதாட்டி ஒருத்தி அடுப்பூதும் காட்சியைப் படம்பிடித்தவர், தம் தாய் அடுப்பூதும்போது சாப்பாடு ஏன் தாமதம் என்று கேட்கின்றார். இடத்தின் சிறுமையே காரணமாயின் இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது?

விடை வெளிப்படையானது. அங்கே அவர் விருந்தினர். இங்கே அவர் வீட்டார். நெடும்பயணி எந்த ஊரிலும் எவருக்கும் கடமைப்பட்டவரல்லர். அவ்வூரின் காணி வழக்கும் மரண வீடும் பிள்ளையின் பாடசாலை அனுமதியும் அவரை அண்டுவதில்லை. மழை பொய்த்தால் அடுத்த ஊருக்குப் போய்விடலாம். ஒருவரோடு மனம் கசந்தால் மறுநாள் பஸ் ஏறிவிடலாம். விருந்தினன் அடுப்பின் வெளிச்சத்தைக் காண்பான், விறகு கொத்தியவனின் கையைக் காணமாட்டான். பல மாதங்கள் இந்நிலையில் வாழ்ந்தவர் இதனையே சுதந்திரம் என்று நம்பத் தொடங்குகின்றார். வீடு வந்ததும் நோயுற்ற தந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும், தங்கையின் திருமணத்துக்குக் கடன் கேட்டு நடக்க வேண்டும், கிணறு இறைக்க வேண்டும். அப்போது எழும் நோவை உலகத்தை இழந்த நோவு என அவர் பெயரிடுகின்றார். உண்மையில் அவர் இழந்தது விருந்தினர் என்னும் நிலையையேயாகும்.

இக்கூற்றை உறுதிப்படுத்த வேறோர் ஒப்பீடு போதும். எழுபதுகளின் இறுதி தொடக்கம் இந்நாட்டுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் சென்று வருகின்றனர். பாலைவனத்தையும் பெருநகரங்களையும் அந்நிய மொழியையும் அந்நிய உணவையும் அவர்களும் கண்டவர்களே. பல ஆண்டுகளின் பின்னர் அவர்கள் வீடு திரும்புகையில், விட்டுச் சென்ற குழந்தை தாயை அடையாளங் காணாது பாட்டியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதுண்டு. அனுப்பிய பணம் செலவழிந்து போயிருப்பதுமுண்டு. மறுநாட் காலையில் அப்பெண் முற்றம் கூட்டி, அடுப்பு மூட்டுகின்றாள். அவளுடைய மனநிலைக்கு வளைகோடு வரைந்து ஆறுதல் கூறுவார் எத்தனை பேர்? கப்பலிலே ஆண்டுக்கணக்கில் உலகைச் சுற்றும் மாலுமியின் மீள்வருகைக்கும் இதே கதிதான். உலகைக் காண்பதே மனிதனை வீட்டுக்கு ஒவ்வாதவனாக்கும் எனின், இவர்களன்றோ முதலில் ஒவ்வாதவராயிருத்தல் வேண்டும்? இவர்களுக்கும் நோவுண்டு. அதனை ஊரின் குற்றமாக்கிப் பேசும் ஓய்வும் வசதியுமே இவர்களிடம் இல்லை.

முறைப்பாட்டு இலக்கியம் மறைக்கும் இன்னோர் உண்மையும் உளது. சென்றவர் ஒருவர் என்றால் இருந்தவர் பலர். வீட்டின் கூரை அவர் வரும்வரை தானாக நிற்கவில்லை. வரி கட்டியவர் ஒருவர், பாட்டனாருக்கு மருந்து கொடுத்தவர் ஒருவர், அந்தியேட்டிக்கு அவர் பெயரால் நின்றவர் ஒருவர். 'ஊர் நின்ற இடத்திலேயே நிற்கின்றது' என்பவர், அதனை நிற்கச் செய்தவரின் உழைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

இவ்விடத்தில் எமது பழைய அகத்திணை மரபு இன்றைய பயண இலக்கியத்திலும் நுண்ணிய அறிவு கொண்டிருந்தமை மனங்கொள்ளத்தக்கது. பொருள் தேடியும் வினைமேற்கொண்டும் பிரிந்த தலைவனைப் பாடிய அம்மரபு, பிரிவைப் பாலைக்கு உரித்தாக்கியதோடு அமையவில்லை. வீட்டிலே ஆற்றியிருந்தவளின் நிலையை 'இருத்தல்' எனப் பெயரிட்டு, அதனை முல்லையின் உரிப்பொருளாகவும் வகுத்தது. இருத்தல் என்பது சும்மா இருத்தலன்று. அது பொறுப்பு, அது செயல், அதற்கும் ஒரு திணையின் மதிப்பு உண்டு என்பதே அவ்வகுப்பின் பொருள். வினை முற்றி மீளும் தலைவன் தேர்ப்பாகனிடம் விரைந்து செலுத்துமாறு வேண்டும் பாட்டுகளில், வழியிற் கண்ட காட்சிகள் யாவும் வீட்டிலிருப்பவளின் நிலையை அவனுக்கு நினைவூட்டவே பயன்படுகின்றன. காத்திருந்தோர் தன்னை விளங்கிக்கொள்ளவில்லை என்று அத்தலைவன் புலம்புவதில்லை.

மீண்டவருள் தமிழறிந்த சிலர் கணியன் பூங்குன்றனாரைத் துணைக்கு அழைப்பதுமுண்டு. எல்லா ஊரும் எமதே என்றால் இந்த ஓர் ஊரில் ஏன் ஒட்டியிருக்க வேண்டும் என்பது அவர்தம் வாதம். பாடலின் தொடக்கத்தை மாத்திரம் மனனஞ் செய்தவரின் வாதம் இது. அதன் முடிவு சிறியோரை இகழ்தலை, பெரியோரை வியத்தலினும் வன்மையாக மறுக்கின்றது. ஊர்கள் அனைத்தையும் தம்முடையனவாகக் கொண்டவர் தம்முடைய ஊரை மட்டும் விலக்கிவைப்பாராயின், அவர் பூங்குன்றனாரின் மாணாக்கர் ஆகார்.

திரும்புதல் என்பது ஒருவரை எவ்வாறு சோதிக்கும் என்பதற்கு 1968இல் தொடங்கிய தனிப் பாய்க்கப்பற் போட்டியைக் காட்டிலும் தெளிவான சான்று காண்டலரிது. துறைமுகம் எதனையும் தொடாது தன்னந்தனியாக உலகைச் சுற்றி வருமாறு இலண்டன் சண்டே ரைம்ஸ் பத்திரிகை அப்போட்டியை நடத்தியது. ஒன்பது பேர் புறப்பட்டனர். பேர்னாட் முவாத்தெசியே என்னும் பிரெஞ்சுக்காரர் கொடுமுனைகள் யாவற்றையும் கடந்து, பரிசு பெறும் வாய்ப்பு இருந்தும், ஐரோப்பாவுக்குத் திரும்ப மனமின்றி மீண்டும் கிழக்கே செலுத்தி 1969 யூனில் தாகித்தித் தீவை அடைந்தார். பிரான்சில் அவருடைய மனைவி காத்திருந்தார். டொனால்ட் குரோகேர்ஸ்ற் என்னும் ஆங்கிலேயர் அத்திலாந்திக் சமுத்திரத்தை விட்டு அகலாமலே உலகைச் சுற்றுவதாகப் பொய்யான நிலைக்குறிப்புகளை அனுப்பினார். கரை சேர்ந்தால் நாட்குறிப்புகள் ஆராயப்படும் என்ற நிலையில் 1969 யூலையில் அவரது படகு ஆளின்றிக் கண்டெடுக்கப்பட்டது. றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் 312 நாட்கள் கடலிற் கழித்து 1969 ஏப்பிரல் 22ஆந் திகதி பல்மத் துறைமுகத்துக்கு மீண்டார். போட்டியை முடித்தவர் அவரொருவரே. தமக்குக் கிடைத்த ஐயாயிரம் பவுண் பரிசுப் பணத்தைக் குரோகேர்ஸ்றின் மனைவி மக்களுக்கு அவர் கொடுத்துவிட்டார்.

முவாத்தெசியேயைப் பலர் ஞானியாகப் போற்றுவர். அவரிடம் ஒரு நேர்மை இருந்ததை நாமும் மறுக்கவில்லை. திரும்ப விரும்பாதவர் திரும்பவில்லை. திரும்பி வந்து ஊரைப் பழிக்கவில்லை. ஆயினும் காத்திருந்தவரின் கணக்கு தீர்க்கப்படாமலே கிடந்தது. நொக்ஸ்-ஜோன்ஸ்ரனோ கரை சேர்ந்த பின்னர், அதே போட்டியிற் புறப்பட்டு மீளாத ஒருவரின் வீட்டை நினைத்தார். மீளுதல் என்பது கணக்கொப்புவித்தல். போனவர், தாம் போனதற்கான விலையைத் தந்தவர்களிடம் திரும்பி வந்து நிற்கும் நிலை அது. அந்நிலைக்கு அஞ்சுவோரே பெரும்பாலும் ஊர் தமக்குப் போதவில்லை என்கின்றனர்.

ஆசியாவின் பழைய பயணிகள் இக்கணக்கை நன்கறிந்திருந்தனர். கி.பி. 399இல் சீனத்துச் சங்கான் நகரினின்று புறப்பட்ட பாகியன், எமது நாட்டிலே இரண்டாண்டுகள் தங்கியவர். அநுராதபுரத்து அபயகிரி விகாரையிற் பச்சைக்கல் புத்தர் சிலையின் முன் வணிகனொருவன் காணிக்கையாக வைத்த சீனத்து வெண்பட்டு விசிறியைக் கண்டு அவர் கண்ணீர் விட்டார் என்பது அவரது நூலாலேயே அறியப்படுவது. இத்துணை ஏங்கியவர் 412இல் தாய்நாடு சேர்ந்த பின் ஏக்கத்தை வளர்த்துக்கொண்டிருக்கவில்லை. தாம் சுமந்து வந்த ஏடுகளோடு மொழிபெயர்ப்பில் அமர்ந்தார். காஞ்சிபுரம் வரை வந்து மீண்ட யுவான் சுவாங், 645இல் 657 நூல்களுடன் திரும்பியபோது பேரரசன் பதவி தர முன்வந்தான். அதனை ஏலாது, 664இல் இறக்கும்வரை மொழிபெயர்ப்பிலேயே அவர் ஈடுபட்டார். இவர்களைப் பயணம் ஊரினின்று பிரிக்கவில்லை. கொண்டுவந்ததை ஊரின் மொழியிலே கொடுக்கும் வேலை அவர்களை ஊரோடு பிணித்தது.

'அவர்கள் துறவிகள், இலட்சியவாதிகள். நாமோ கண்டு மகிழச் சென்றவர்கள்' என்று மறுக்கலாம். துறவியல்லாத ஒருவரைக் காட்டுவோம். ஏ. கே. செட்டியார் காந்தியடிகள் பற்றிய படத்துக்காக உலக நாடுகள் பலவற்றில் அலைந்து சுருள் திரட்டி 1940இல் அப்படத்தை வெளியிட்டார். உலகம் சுற்றிய தமிழர் என்றே பெயர்பெற்ற அவர், மீண்டதும் 'குமரி மலர்' என்ற இதழை நெடுங்காலம் நடத்தினார். அதனினும் கருதத்தக்கது, தமிழகத்துக்குள்ளேயே பிறர் செய்த பயணங்கள் பற்றிய கட்டுரைகளைத் தேடித் தொகுத்து 1968இல் நூலாக்கியமையாகும். தொலைநாடுகளைக் கண்ட கண் பிறந்த நிலத்தை மேலும் கூர்ந்து நோக்கலாம் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

மீண்டவருக்கு இன்று வழங்கப்படும் மருந்துகளை இவற்றோடு ஒப்பிடுக. அடுத்த பயணத்தைத் திட்டமிடுக, உன்னைப்போற் சுற்றியவரோடு மாத்திரம் பழகுக, சொந்த ஊரையே சுற்றுலாப் பயணியைப்போற் பார்க்க என்பனவே அவை. முதலாவது, கடனை அடைக்க மேலும் கடன் வாங்கும் வழி. இரண்டாவது, ஊருக்குள்ளே ஒரு சிறு மேட்டுக்குடியை உருவாக்கும் வழி. மூன்றாவதே மிகவும் ஏமாற்றானது. விருந்தினர் நிலையை இழந்ததால் வந்த நோய்க்கு, சொந்த வீட்டிலும் விருந்தினராயிருக்குமாறு அது பணிக்கின்றது. அவ்விருந்தினருக்குச் சமைப்பவர் யார் என்று அது கேட்பதில்லை.

வீட்டாரும் குற்றமற்றவரல்லர். மீண்டவரிடம் எமது சமூகம் பெரும்பாலும் இரு கேள்விகளையே கேட்கின்றது: என்ன கொண்டுவந்தாய், எப்போது திரும்பிப் போகின்றாய். இவற்றுக்கு அப்பாற் கேட்க ஆவலில்லாத ஊர், மீண்டவரின் அறிவை வீணாக்குகின்றது. மீள்பவரை வரவேற்க வீட்டாரும் ஆயத்தப்படுத்தப்பட வேண்டும் என்ற ஷூட்ஸின் கருத்து இங்கு பொருந்தும். ஆயினும் முதலடி மீண்டவருடையதே. பதினெட்டு மாதங்கள் அந்நியரின் கதைகளைப் பொறுமையோடு கேட்டவர், தாம் இல்லாத பதினெட்டு மாதங்களில் வீட்டில் நிகழ்ந்தது யாதெனக் கேட்டாராயின், அவரது கதைக்கும் செவிகள் திறக்கும்.

பல்கலைக்கழக மாணவராகிய எம்முட் பலர் நாளை இக்கரையை விட்டுச் செல்வோம். எமது கடவுச்சீட்டுக்கு விசாவின்றித் திறக்கும் கதவுகள் சிலவே. எனவே, செல்லும் வாய்ப்புப் பெறும் ஒவ்வொருவரின் பின்னாலும் ஒரு குடும்பத்தின் சேமிப்பும் ஓர் ஊரின் நம்பிக்கையும் நிற்கும். செல்க, காண்க, கற்க. அதனைத் தடுப்பார் எவருமிலர். ஆனால் மீண்டு வரும் நாளில் எமக்காகக் காத்திருப்பது எமது பங்கு வேலை என்பதை அறிந்து வருவோமாக. அவ்வேலையைக் கையிலெடுத்த சில வாரங்களிலேயே தெருவின் ஒடுக்கம் மறைந்துபோவதைக் காணலாம்.