மைதா மாவு மலையும் ஓடாத காவிரியும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோரிடம், "பூகோளம் எப்படிச் சொல்லித் தர்றீங்க?" என்று கேட்டால் பலரும் உடனே செல்போனை எடுப்பார்கள். போட்டோவில் மைதாவும் உப்பும் பிசைந்து செய்த இந்தியா இருக்கும். சமவெளிக்குப் பச்சை பெயிண்ட், மலைக்குப் பழுப்பு, இமயமலை உச்சியில் பஞ்சு. "பாருங்க, மனப்பாடமே கிடையாது. எல்லாம் கைவேலைதான்!"

நல்லது. இப்போது அந்தப் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். காவிரி ஏன் கிழக்கே ஓடுகிறது?

தலைக்காவிரியிலிருந்து நேர் மேற்கே 50 கிலோமீட்டருக்குள் அரபிக்கடல் வந்துவிடும். பக்கத்துக் கடலை விட்டுவிட்டு, சுமார் 800 கிலோமீட்டர் ஓடி வங்காள விரிகுடாவுக்குப் போகிறது காவிரி. ஏன்? பிள்ளை விழிக்கும். பெற்றோரும் சேர்ந்து விழிப்பார்கள். அவர்கள் செய்த மேப்பில் காவிரி என்பது நீல ஸ்கெட்ச் பேனாவால் இழுத்த கோடு. கோட்டுக்கு மேடு ஏது, பள்ளம் ஏது?

பள்ளியில் நடப்பதும் இதுதானே! கடையில் மேப் வாங்கி, அட்லஸைப் பார்த்து ஆற்றுக்கு நீலம் தீட்டி, பெயரெழுதி மார்க் வாங்குவது. அதை வெறுத்து வெளியே வந்த குடும்பங்கள், பேப்பருக்குப் பதில் மாவை வைத்துக்கொண்டு அதையே செய்கின்றன.

"அதனால்தான் சொல்கிறோம், கைவேலையெல்லாம் வெட்டி வேலை, புத்தகத்தைத் திற" என்று ஒரு கூட்டம் கிளம்பும். அவர்கள் சொல்வதும் தப்பு. காவிரிக் கேள்விக்குக் களிமண்ணைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

பெரிய தாம்பாளத்தில் களிமண்ணால் தென்னிந்தியாவைப் பிடிக்கச் சொல்லுங்கள். பிள்ளை மேற்குத் தொடர்ச்சி மலையை இரண்டு பக்கமும் ஒரே சரிவாக, மதில் சுவர் மாதிரி வைக்கும். உச்சியில் தண்ணீர் ஊற்றினால் பாதி மேற்கே போகும், பாதி கிழக்கே போய்க் குட்டையாகத் தேங்கும். ஆறு கடலுக்குப் போய்ச் சேராது. அப்புறம் மண்ணைக் கலைத்து மறுபடி பிடிக்க வேண்டும். மேற்குப் பக்கம் செங்குத்து, கிழக்கே கடல் வரை மெல்லிய சாய்வு. முகட்டுக்குச் சற்றுக் கிழக்கே ஊற்றினால் தண்ணீர் தானாகக் கிழக்கே ஓடும். தலைக்காவிரி முகட்டின் கிழக்குப் பக்கம் இருப்பதும், தீபகற்பமே கிழக்கே சாய்ந்திருப்பதும் அப்போது புரியும். இதை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

அந்த மலை எவ்வளவு உயரம் இருக்கலாம்? 1 சென்டிமீட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்தால் தமிழ்நாடு தெற்கு வடக்காக சுமார் 60 சென்டிமீட்டர் வரும். ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். அதே கணக்கில் அது 3 மில்லிமீட்டர்கூட வராது! 5 சென்டிமீட்டருக்கு மலை வைத்தால் உயரத்தை 18 மடங்குக்கும் மேல் பெருக்கியாயிற்று. பெருக்குவதில் தப்பில்லை. பெருக்கியிருக்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அளவுகோல் என்ற பாடமே அதுதான்.

இன்னொன்று, ஆரஞ்சுப் பழம். பழத்தின் மேல் பேனாவால் கண்டங்களை வரைந்து, தோலை உரித்து, மேஜையில் தட்டையாக வைக்கச் சொல்லுங்கள். கிழியும். கிழியாமல் உருண்டையைத் தட்டையாக்க வேண்டுமென்றால் எங்காவது இழுத்துத்தான் ஆக வேண்டும். 1569-ல் மெர்க்கேட்டர் போட்ட உலகப் படம் துருவங்களின் பக்கம் அப்படித்தான் இழுத்திருக்கிறது. அந்தப் படத்தில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. ஒரு பழத்துக்கு ஆகும் செலவில் மேப்பையே சந்தேகப்படக் கற்றுக்கொள்ளலாம்.

இவ்வளவு கறாராகப் பேசக் காரணம் உண்டு. பள்ளிப் பிள்ளைக்கு இந்த வருடம் மோசமான வாத்தியார் கிடைத்தால், அடுத்த வருடம் வேறொருவர் வருவார். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு வருடா வருடம் அதே அப்பா, அதே அம்மா. 14 வயதுக்கு மேல் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு உட்காரும்போது, போட்டோவுக்கு விழுந்த லைக்குகள் கூட வராது.

இன்னொரு வியாதியும் இருக்கிறது. பிள்ளை செய்த மலை கோணலாக இருக்கிறதென்று அம்மா சரி செய்வார், அப்பா பெயிண்ட் அடிப்பார். கடைசியில் பிள்ளை செய்தது பஞ்சு ஒட்டியது மட்டும். தண்ணீர் தப்பான பக்கம் ஓடிய அந்தக் கோணல் மலைதான் பாடம். அதைப் பெரியவர்கள் திருத்திக் கொடுத்தால் பிள்ளைக்கு என்ன மிச்சம்?

ஆகவே அடுத்த முறை மாவில் கை வைக்கும் முன், இந்த மேப் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். எழுத ஒன்றும் தோன்றவில்லையா? மாவை வீணாக்க வேண்டாம், பரோட்டா போடுங்கள். பிள்ளையாவது சந்தோஷமாகச் சாப்பிடும்.