ராமன் படம் மட்டும் வேணும், லேசர் வேண்டாமா?

போன ஞாயிறு லேக் மார்க்கெட் பக்கம் ஒரு வீட்டில் காபிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஹாலில் சர் சி.வி. ராமன் படம். "நம்ம திருச்சிக்காரர், இந்த ஊர்லதான் கண்டுபிடிச்சார்" என்று மாமாவுக்குப் பெருமை. அடுத்த வாக்கியமே என்னைப் பார்த்து: "பொண்ணு லேசர்ல பிஎச்.டி. பண்றேங்கறா. நீங்க அந்த லைன்ல இருக்கீங்க, கொஞ்சம் சொல்லித் திருத்துங்க."

திருத்த மாட்டேன் மாமா. அங்கேயே சொல்லியிருக்கணும், மாமி கொடுத்த அடை வாயை அடைச்சிடுச்சு :-) அதனால் இங்கே.

1907-ல் ராமன் கல்கத்தா வந்தது நிதித்துறை அதிகாரியாக. நம்மைப் போலவே பிழைக்க வந்த தமிழர். ஆபீஸ் நேரம் போக பௌபஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1917-ல் அந்த வேலையை உதறிவிட்டு, சம்பளம் குறைவான பேராசிரியர் பதவிக்குப் போனார். 1928-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல். நாம் பிள்ளைகளிடம் 1907-ஐயும் 1930-ஐயும் சொல்கிறோம். நடுவில் இருக்கும் 1917-ஐ மட்டும் விழுங்கிவிடுகிறோம்.

"லேசர்ல இனிமே என்ன இருக்கு?" என்றார் மாமா. போன வருஷம் அவருடைய கிட்னி கல்லை உடைத்ததே ஹோல்மியம் லேசர்தான். அதன் அலைநீளம் சுமார் 2.1 மைக்ரான். தண்ணீர் நன்றாக உறிஞ்சும் ஒளி, அதனால்தான் வேலை செய்கிறது. அந்த மெஷினுக்குள் கணிசமான இடம் குளிர்விக்கும் அமைப்புக்கே போகும். காரணம் இருக்கிறது.

"கரண்டை ஏத்தினா பல்ஸ் எனர்ஜி ஏறிடாதா?" ஏறாது. கிறிஸ்டல் சூடானால் லேசர் ஒளி பிறக்கும் இடத்தின் கீழ்ப்படியிலேயே அணுக்கள் கூட்டம் சேர்ந்து, ஒளியைத் திரும்ப விழுங்கும். மூன்று மைக்ரான் ஒளி தரும் எர்பியத்தை ஒரு மைக்ரான் ஒளியால் தூண்டினால், எளிய கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு சூடாகத்தான் போகும். அந்தச் சூடு கிறிஸ்டலையே ஒரு லென்ஸாக்கிவிடும், எல்லை மீறினால் விரிசல். நாலு மைக்ரானுக்கு மேல் இரும்பு கலந்த ஜிங்க் செலினைடு இருக்கிறது. அறை வெப்பத்தில் அது சக்தியைப் பிடித்து வைப்பது ஒரு மைக்ரோவினாடிகூட இல்லை. திரவ நைட்ரஜன் குளிரில் வைத்தால் பல பத்து மைக்ரோவினாடி. ஓட்டை வாளியில் தண்ணீரை வேகமாக ஊற்றி என்ன பயன்? ஓட்டையை அடைக்கிறவர்தான் வேண்டும்.

"வாங்கிக்கலாமே?" மெஷினை வாங்கலாம். கிறிஸ்டல் வளர்க்கிற, மேல்பூச்சு போடுகிற கைப்பழக்கம் பெட்டியில் வராது. நான் வேலை செய்த ஒரு லேபில் ஒரு பூச்சு கருகி, மாற்று வர ஐந்து மாதம் கைகட்டி உட்கார்ந்திருந்தோம். பூச்சில் ஈரம் புகுந்தால் மூன்று மைக்ரான் ஒளியை அது உறிஞ்சிக் கருகும். கொல்கத்தா ஆகஸ்ட் புழுக்கத்தில் இதை யார் வந்து நமக்குத் தீர்த்துத் தருவார்கள்?

வழி வெளியூரில் மட்டும் இல்லை. ஜாதவ்பூரில் மத்திய கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிறுவனத்தில் தூலியம் ஃபைபர் லேசரில் வேலை நடக்கிறது. மெல்லிய இழையில் சூடு சீக்கிரம் வெளியேறும். ஆனால் குறுகிய பல்ஸில் அதிக எனர்ஜியை அடைத்தால் இழை தாங்காது. அதற்குத் தடித்த கிறிஸ்டல் வேண்டும், திரும்பவும் சூடு. இந்த இழுபறிதான் அந்தப் பெண்ணின் ஆராய்ச்சி. ராமன் விளைவை வைத்தே லேசர் ஒளியை நீண்ட அலைக்கு மாற்றுகிறார்கள் என்பதையும் படத்துக்கு மாலை போடும்போது நினைத்துக்கொள்ளலாம்.

மாமாவின் பயம் பொய்யில்லை. உதவித்தொகை குறைவு, அதுவும் சில சமயம் தாமதமாக வரும். ஐந்தாறு வருஷம் போகும், வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. மென்பொருள் கம்பெனியில் சேர்ந்த தோழி அதற்குள் ஃபிளாட் வாங்கியிருப்பாள். இதற்காக அரசாங்கத்தைத் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன். பொண்ணை ஏன் திட்டுகிறீர்கள்?

ஊரை விட்டு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்து குடியேறத் துணிந்த நாம், பிள்ளை ஜாதவ்பூர் வரை போகப் பயப்படுகிறோம்.

மாமா இதைப் படிப்பார், தெரியும். படத்தைக் கழற்ற வேண்டாம் மாமா. பொண்ணை விடுங்கள், போதும்.