விரலுக்கு வழிகாட்டி எது?

கிற்றார் பழகும் மாணாக்கரிற் பலர், வாத்தியத்தின் முகத்தைத் தம்மை நோக்கிச் சாய்த்து, தலையைக் குனிந்து, இடக்கை விரல்களையே உற்று நோக்கியவண்ணம் வாசிக்கின்றனர். ஆரம்ப காலத்து இயல்பென்று ஆசிரியரும் இதனைப் பொருட்படுத்துவதில்லை. தானாகவே மறையும் பழக்கம் இதுவென நான் கருதவில்லை. கையைப் பாராது வாசித்தலை முதல் மாதத்திலிருந்தே தனிப் பாடமாகக் கற்பித்தல் வேண்டும் என்பது என் துணிபு.

வாத்தியத்தைச் சாய்த்துப் பிடித்தால் இடக்கை மணிக்கட்டு மிகையாக மடங்கும். அதனினும் பெரிய கேடு, செவி வேலையற்றுப் போவதாகும். விரல் எந்த மெட்டில் நிற்கின்றது என்பதைக் கண் சொல்லும். சுரம் தெளிவாக ஒலித்ததா, அயல் தந்தி தடைப்பட்டதா என்பதைச் செவியன்றோ சொல்லவேண்டும்?

மெட்டுக்களின் இடைவெளி ஒரே அளவினதன்று என்பர் சிலர். உண்மைதான். 65 சென்ரிமீற்றர் நீளமுள்ள தந்தியில் முதல் மெட்டின் இடைவெளி ஏறக்குறைய 36 மில்லிமீற்றர். 12ஆம் மெட்டை அடையும்போது அது 19 மில்லிமீற்றராகக் குறுகிவிடும். ஆயின், வயலினை நோக்குக. அதில் மெட்டே இல்லை. விரல் சிறிது பிசகினும் சுருதி கெடும். அவ்வாறிருந்தும் வயலின் மாணாக்கர் செவியைத் துணைக்கொண்டு இடமறிகின்றனர். மெட்டின் உதவி பெற்ற கிற்றார் மாணாக்கருக்கு அது ஏன் இயலாது?

அமெரிக்கரான டொக் வாட்சன் (1923–2012) மழலைப் பருவத்திலேயே பார்வை இழந்தவர். 1945இல் புவேர்ட்டோ ரிக்கோவிற் பிறந்த ஹொசே பெலிசியானோ பிறவியிலேயே பார்வையற்றவர். இருவரும் கிற்றாரிற் பெரும் புகழ் ஈட்டினர். அதிசயப் பிறவிகள் எனப் புகழ்ந்து அவர்களை ஒதுக்கிவிடுதல் எளிது. கைக்கும் செவிக்கும் இயல்பாக உள்ள ஆற்றலுக்கு அவர்களை நான் சான்றாகக் கொள்கிறேன்.

பயிற்சி முறையும் கடினமானதன்று. ‘சி மேஜர்’ என்னும் சுரக்கூட்டிலிருந்து ‘ஏ மைனர்’ கூட்டுக்கு மாறும்போது, சுட்டுவிரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே நிற்கும். மோதிரவிரல் மட்டும் 5ஆம் தந்தியை விட்டு 3ஆம் தந்திக்குப் பெயரும். நிற்கும் விரல்களே பெயரும் விரலுக்கு வழிகாட்டும். இதனைக் கண்மூடி, மிக மெதுவாகப் பழகவேண்டும். பிழை நேர்ந்தால் முதலிற் கேட்டறிக. அடுத்துத் தடவித் திருத்துக. அதன்பின்னும் இயலாவிடின் பார்க்க.

நெடுந்தூரம் தாவும்போது தேர்ந்த கலைஞரும் ஒரு கணம் நோக்குவதுண்டு. பல கிற்றார்களின் கழுத்து விளிம்பிற் புள்ளிகள் பதிக்கப்பட்டிருப்பதும் அதற்காகவே. எனவே பார்ப்பது குற்றமன்று. பாராமல் வாசிக்க இயலாமையே குறை.

இசை, பெரும்பாலும் பிறரோடு கூடிச் செய்யும் தொழில். பாடகர் எப்போது மூச்செடுக்கிறார், தாளக்காரர் எவ்விடத்தில் முடிக்க எண்ணுகிறார் என்பனவற்றை அவர்தம் முகங்களிற் காணலாம். தன் விரலையே காவல் காப்பவனுக்கு அம்முகங்கள் தெரிவதில்லை. ஆசிரியர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.